கூடிக்கொண்டே போன புத்தகங்கள்

ஒரு நூலகத்தில் புத்தகம் குறைந்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எடுத்துப்போன பிள்ளை தொலைத்திருக்கும், கைக்குழந்தை கிழித்திருக்கும், மழையில் நனைந்து நாசமாகியிருக்கும். யாரையாவது கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆனால் புத்தகம் கூடினால் யாரைக் கூப்பிட்டு என்னவென்று கேட்பது? பள்ளிக்கூடத்து நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டருக்கு அதுதான் விளங்கவில்லை. பள்ளிக்கூடம் வாங்காத, யாரும் அன்பளிப்பாகத் தராத, ஒரு எழுத்துகூட அவருக்குப் படிக்க வராத புத்தகங்கள் ஒவ்வொன்றாக வந்து அவருடைய கூடையில் உட்கார்ந்துகொண்டிருந்தன.

கண்டக்டர் என்பது பெயரல்ல, பழைய வேலை. வாழ்க்கையில் பாதிக்கு மேல் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே கழித்த மனிதர். ஓய்வு கொடுத்து வீட்டில் உட்காரச் சொன்னபோது அவருக்கு உட்காரத் தெரியவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டு, கொஞ்சம் உள்ளே தள்ளி நில்லு என்று மனைவிக்கே வழி சொல்வார். யாராவது பார்க்க வந்தால், அவர்கள் செருப்பைக் கழற்றும் முன்பே எப்போது கிளம்புவதாக உத்தேசம் என்று கேட்டு வைப்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி கடைசியில் மகளிடம், உங்கப்பாவை எங்கேயாவது ஏற்றி அனுப்பிவிடு, எனக்குக் கொஞ்சம் மூச்சுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மகள் அந்தத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். நூலகத்தைக் கவனித்துக்கொண்டிருந்த பெண்மணி கணவருக்கு மாற்றலாகி ஊரைவிட்டே போயிருந்த நேரம் அது. மகள் தலைமை ஆசிரியையிடம் பேசினாள், வேலை கிடைத்தது.

புத்தகம் படிக்கிற பழக்கம் உண்டா என்று தலைமை ஆசிரியை கேட்டதற்கு, பேப்பர் படிப்பேன் என்றார். அதுவும் விளையாட்டுப் பக்கம்தான். கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும், அவ்வளவுதானே மேடம் என்று அவரே எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் என்றார் அந்த அம்மாளும். இரண்டு பேருமே அப்போது அதை நம்பினார்கள்.

நூலகம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடிப்படிக்கும் ஆசிரியர்கள் கழிப்பறைக்கும் நடுவில், முன்பு உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறை. ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி தெரியும். மூடிப்போன ஒரு மருந்துக் கடையிலிருந்து வாங்கி வந்த இரும்பு அலமாரிகள், அவற்றில் இன்னும் 'இருமல்' என்றும் 'தலைவலி' என்றும் ஒட்டியிருந்த சீட்டுகள். இருமலில் விலங்குக் கதைகள் இருந்தன, தலைவலியில் கணக்குப் புதிர்கள். பிள்ளைகளுக்கான குட்டை நாற்காலிகள், பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கும்.

பள்ளிக்கூடம் இருந்தது துறைமுகத்துக்குப் பின்னால். மீன் பதப்படுத்தும் ஆலை, துணி தைக்கிற ஆலை, கப்பல் பழுதுபார்க்கிற பட்டறை என்று வரிசையாக இருந்த வட்டாரம். எங்கெங்கேயோ இருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே அடுக்குமாடிகளில் குடியிருந்தார்கள், மாடிக்கு ஒரு பாஷை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகுதான் பள்ளிக்கூடத்துப் பாஷையைக் கற்றுக்கொள்ளும். டீச்சர் உட்காருங்கள் என்றால் பாதி பிள்ளைகள் உட்காரும், மீதிப் பாதி உட்கார்ந்தவர்களைப் பார்த்துவிட்டு உட்காரும். கேட்டுத் தெரிந்துகொள்ள வார்த்தை இல்லாத பிள்ளைகள் வேறு என்ன செய்யும்? முன்னால் நிற்பவன் செய்கிறதைப் பார்த்துத் தானும் செய்யும். அந்த ஆண்டு பாதியில் ஆலையில் புதிய கட்டடம் திறந்ததால் புதுப் பிள்ளைகள் நிறையப் பேர் நடுவிலேயே வந்து சேர்ந்திருந்தார்கள்.

கண்டக்டர் பஸ்ஸை எப்படி நடத்தினாரோ அப்படியே நூலகத்தையும் நடத்தினார். வகுப்பு உள்ளே வரும், அலமாரிகளைச் சுற்றும், பிடித்ததை எடுத்துக்கொண்டு மேஜை முன்னால் வரிசையில் நிற்கும். அவருடைய இடது கை நீண்டபடியே இருக்கும். போன வாரம் கொண்டுபோன புத்தகம் அந்தக் கையில் விழும், விழுந்ததும் கீழே கூடைக்குள் போகும், வலது கை புதுப் புத்தகத்தில் தேதி முத்திரையைக் குத்திவிடும். கூட்டத்தில் கைக்கு வந்த காசை நிமிர்ந்து பார்க்காமலே எண்ணிய மனிதருக்கு இதெல்லாம் தூசு. பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். மணி அடிப்பதற்குள் முழு வகுப்பும் முடிந்துவிடும். முன்பிருந்த அம்மா பேசிப் பேசியே பாதிப் பேரை வெறுங்கையோடு அனுப்புவார், இவர் சுறுசுறுப்பு என்று தலைமை ஆசிரியை மெச்சினார். கண்டக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

வகுப்புகள் முடிந்த பிறகு கூடையைக் கவிழ்த்து அலமாரியில் அடுக்குவது வழக்கம். அப்படிக் கவிழ்த்த ஒரு நாள்தான் முதல் புத்தகம் அகப்பட்டது. பச்சைத் துணி அட்டை, தடிமனானது, துணிக் கொடியில் கொக்கிகளை வரிசையாக மாட்டிய மாதிரி எழுத்து. பள்ளிக்கூடத்து முத்திரையைத் தேடினார், இல்லை. யாரோ டீச்சர் மறந்து வைத்திருப்பார் என்று எடுத்து ஓரமாக வைத்தார். அடுத்த வாரம் இன்னொன்று. அது முடிகிற பக்கத்தில் தொடங்கியது. தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, அவர் கழுத்து வலித்ததுதான் மிச்சம். பிறகு லாரி எஞ்சின் படம் போட்ட ஒன்று. பிறகு உள்ளங்கை அளவில் துணி உறை போட்ட ஒன்று, அதன் ஓரமெல்லாம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. தினமும் யாரோ புரட்டிய புத்தகம் இங்கே எப்படி வந்தது?

டீச்சர்களை ஒவ்வொருவராகக் கேட்டார், யாருடையதும் இல்லை. பெருக்குகிற ஆயாவைக் கேட்டார். நான் இருக்கிற குப்பையை எடுக்கிறவள், கொண்டுவந்து போடுகிறவள் இல்லை என்று ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கண்டக்டர் ஜன்னலுக்குக் கொக்கி போட்டார், கதவுக்குப் பூட்டை மாற்றினார். அப்படியும் வந்தது. எடுத்துப்போகிற திருடனுக்குப் பூட்டுப் போடலாம், கொண்டுவந்து வைக்கிற திருடனுக்கு என்ன போடுவது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் அவர் செய்த ஒரே தப்பு, ஒரு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டியது. இது எங்கிருந்து வந்தது என்று மனைவி கேட்டார். நூலகத்திலிருந்து என்றார். அப்படியானால் நூலகத்துப் புத்தகமா என்றார் மனைவி. இல்லை என்றார். யார் கொடுத்தார்கள் என்றதற்கு யாரும் கொடுக்கவில்லை என்றார். பின்னே எப்படி வந்தது என்றதற்கு, அதுதான் எனக்கும் தெரியவில்லை என்றார். மனைவி பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டக்டர் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறார், அவருடைய அண்ணனை எல்லோரும் பார்த்த பார்வை அது.

அண்ணன் நல்ல கெட்டிக்காரர். இதே வயதில்தான் ஆரம்பித்தது. முதலில் சின்னச் சின்னதாக, சாவியைச் சோப்புப் பெட்டியில் வைப்பதும், பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைத் தன்னுடையது என்று தூக்கி வருவதும். எங்கிருந்து எடுத்தாய் என்றால், தெரியவில்லையே என்பார். கடைசியில் பெற்ற பிள்ளையையே யாரப்பா நீ என்று கேட்டார். கண்டக்டர் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் போட்டு மூடினார்.

மறுநாளிலிருந்து வீட்டில் பரீட்சை தொடங்கியது. மனைவி கடைக்கு அனுப்பும்போது சீட்டு எழுதித் தராமல் வாயால் சொல்லி அனுப்பினார், திரும்பி வந்ததும் பையை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தார். மகள் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில், 'இன்னைக்கு என்ன கிழமைப்பா?' என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்பாள். கிழமை தெரியாமலா நீ டீச்சர் வேலை பார்க்கிறாய் என்று அவர் எரிந்து விழுவார். ஆனால் ஒருநாள் அவர் வியாழன் என்று அடித்துச் சொன்னார், அது புதன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததுதான் அவரைக் கொன்றது.

இன்னொரு நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவர் பஸ் டிப்போ வாசலில் போய் நின்றார். காலம்பூரா நடந்த வழி, கால் தானாகப் போயிருக்கும், யாருக்கும் நடப்பதுதான். அவருக்கு அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. டிப்போவுக்கு எதிரே பழைய பேப்பர்க் கடை ஒன்று இருந்தது, வாசலில் பழைய புத்தகங்கள் அடுக்கியிருந்தன. நான்தான் இங்கே வந்து, வாங்கி, கொண்டுபோய்க் கூடையில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறேனோ என்று நினைத்தார். கடைக்காரரிடம் போய், நான் இதற்கு முன்னால் இங்கே வந்திருக்கிறேனா என்று கேட்கலாமா என்று யோசித்தார். அப்படிக் கேட்கிறவனுக்குப் பைத்தியம் என்றுதானே பெயர்? சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

பிறகு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. நூலகத்து மூலையில் இரும்புப் பீரோ ஒன்று உண்டு, அதில் கிழிந்த வரைபடங்களும் ஸ்கிப்பிங் கயிறுகளும் கிடந்தன. வந்து சேர்ந்த புத்தகங்களை எல்லாம் வரைபடங்களுக்குப் பின்னால் திணித்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். ஒன்று வந்தால் உடனே உள்ளே போய்விடும். மகள் ஒருநாள், இப்போதெல்லாம் அந்த மாதிரிப் புத்தகம் வருகிறதா என்று கேட்டதற்கு, எந்தப் புத்தகம் என்றார். மறைப்பதற்காகச் சொன்னது அது. மகளோ, அப்பாவுக்கு அதுவும் மறந்துபோச்சு என்று நினைத்துவிட்டாள்.

விளைவு அடுத்த வாரமே தெரிந்தது. தலைமை ஆசிரியை அவரை அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நாற்காலி போட்ட மரியாதையிலேயே விஷயம் சரியில்லை என்று அவருக்குப் பட்டது.

'லீவுக்கு முன்னாடி எல்லாப் புத்தகத்தையும் சரிபார்க்கணும். உங்களுக்குச் சிரமமா இருந்தா சொல்லிடுங்க, வேற ஆள் பார்த்துக்கலாம். தப்பா எடுத்துக்காதீங்க.'

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். மகள்தான் சொல்லியிருக்கிறாள் என்பது தெரிந்தது. கோபம் வரவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தால் நானும் இதைத்தான் செய்திருப்பேன் என்று தோன்றியது, அதுதான் கோபத்தைவிட மோசமாக இருந்தது. வேலை போகட்டும், அவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. போனால், அண்ணன் போன வழியிலேயே நானும் போகிறேன் என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்பதுதான் பயம்.

சரிபார்க்கிற வாரம் வந்தது. மூன்றாம் வகுப்பு உள்ளே வந்தது, சுற்றியது, வரிசையில் நின்றது. கை நீண்டது, புத்தகங்கள் விழுந்தன. நடுவில் ஏதோ ஒன்று வழவழவென்று, கனமே இல்லாமல் கையில் விழுந்தது. காகிதத்தைத் தொட்டே ஆயுளைக் கழித்த கை அது, இது சரியில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அந்த நூலகத்துக்கு வந்தபிறகு முதல் தடவையாகக் கண்டக்டர் கையில் விழுந்ததை நிமிர்ந்து பார்த்தார். வாஷிங் மெஷினோடு கூட வருகிற, எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்று போட்டிருக்கும் சின்னப் புத்தகம். நீட்டிக்கொண்டு நின்றது குட்டை முடி வைத்த ஒரு சிறுமி, கப்பல் பட்டறையில் வெல்டராக இருப்பவரின் மகள். ஆண்டு நடுவில் வந்து சேர்ந்தவள், பள்ளிக்கூடத்துப் பாஷையை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டவள்.

'இது என்னம்மா?'

'தாத்தா, உங்க புக் தண்ணில விழுந்து உப்பிப் போச்சு. அதுக்குப் பதிலா இது.'

'இது மெஷினோட வந்த புக்கும்மா. இதை வச்சு நான் என்ன பண்ண?'

சிறுமிக்கு முகம் சிறுத்துவிட்டது. பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காமல் இருக்க மேஜை மேல் சாய்ந்து கிட்டத்தில் வந்தாள்.

'எங்க வீட்ல வேற புக் இல்ல தாத்தா. அப்பாவோட புக்கைத்தான் முதல் நாளே உங்ககிட்ட குடுத்துட்டேனே.'

'என்கிட்டயா? எதுக்குக் குடுத்தே?'

'புக் குடுத்தாத்தானே நீங்க புக் தருவீங்க?'

கண்டக்டரின் கை அப்போதும் நீண்டேதான் இருந்தது. அவர் தன் கையைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். முன்னால் நிற்பவன் ஒரு புத்தகத்தைக் கொடுக்கிறான், ஒன்றை வாங்கிக்கொண்டு போகிறான். அவனுக்கு முன்னால் நின்றவனும் அப்படித்தான் செய்தான். அவன் கொடுத்தது போன வாரம் இங்கிருந்தே எடுத்துப்போனது என்பது புதிதாக வந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மேஜைக்கு வந்தால் ஒரு கை நீள்கிறது, அந்தக் கைக்கு எதையாவது கொடுத்தாக வேண்டும். வீட்டுக்குப் போய், புத்தகம் கொடுத்தால்தான் புத்தகம் கிடைக்கும் என்று சொல்லியிருக்கும். வீட்டில் இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

வரிசையை நிறுத்திவிட்டு, வீட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் யார் யார் என்று கேட்டார். ஒரு கை எழுந்தது, அதைப் பார்த்து இன்னொன்று, பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கைகள். கண்டக்டருக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. புத்தி சரியாகத்தான் இருக்கிறது. அண்ணனுக்கு வந்தது எனக்கு வரவில்லை. அந்த நிமிடம் அவருக்கு வந்த சந்தோஷத்துக்கு, அந்தக் குட்டை நாற்காலி மேல் ஏறி நின்று விசில் அடித்திருப்பார், பழைய வழக்கம் அது.

அப்போதுதான் வரிசையில் சேராமல் ஜன்னலோரம் நின்ற இரண்டு பிள்ளைகள் கண்ணில் பட்டார்கள். வாராவாரம் வருவார்கள், அலமாரி முன்னால் நின்று புரட்டுவார்கள், மேஜைக்கு வராமலே போய்விடுவார்கள். புத்தகத்தில் ஆசையில்லாத பிள்ளைகள் என்று அவர் நினைத்திருந்தார். நீங்கள் ஏன் எடுக்கவில்லை என்று இன்றைக்குத்தான் கேட்டார். ஒன்று தரையைப் பார்த்தது. மற்றது, எங்கள் வீட்டில் புத்தகமே இல்லை என்று தன் தாய்ப்பாஷையில் சொல்ல, வெல்டர் மகள் அதை எடுத்துச் சொன்னாள். விசில் நினைப்பு போன இடம் தெரியவில்லை. அவமானமாக இருந்தது அவருக்கு. இரண்டு பேரையும் கூப்பிட்டு, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர்கள் எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தபோது, பாழாய்ப்போன இடது கை மறுபடியும் நீண்டது. அதை மடக்கித் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டு முத்திரை குத்தினார்.

தலைமை ஆசிரியையிடமும் மகளிடமும் அன்றைக்கே போய்ச் சொன்னார். பிள்ளைகள் கொண்டுவந்தார்கள், நான் பார்க்காமல் வாங்கினேன் என்றார். பீரோவைத் திறந்து காட்டினார். ஏன் பூட்டி வைத்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மகள் பச்சை அட்டைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, 'நான் வேற என்னென்னவோ நினைச்சேன்பா' என்று மட்டும் சொன்னாள். தலைமை ஆசிரியை, வருகிற சனிக்கிழமை பெற்றோரை வரச் சொல்லுங்கள், அவரவர் புத்தகத்தைக் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம் என்றார்.

செய்தி பிள்ளைகள் வாயாகத்தான் வீடுகளுக்குப் போனது. அது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, சனிக்கிழமை வந்தவர்களில் சிலர் கையில் இன்னொரு புத்தகத்தோடு வந்தார்கள். முதலில் கொடுத்தது பத்தவில்லை போலிருக்கிறது, பள்ளிக்கூடம் இன்னும் கேட்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். ஒருவர் பாவம் தொலைபேசி எண்கள் அச்சடித்த பழைய தடிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வேண்டாம், வாங்குவதற்கு இல்லை, கொடுப்பதற்குத்தான் கூப்பிட்டோம் என்று தலைமை ஆசிரியை சொன்னார். திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றதும், என் பிள்ளை என்ன தப்புச் செய்தான், அவனை ஏன் நூலகத்திலிருந்து நீக்குகிறீர்கள் என்று ஒரு அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அறை முழுக்கக் குழப்பம். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் நின்று அப்பா அம்மாவுக்கு மொழிபெயர்த்தார்கள், ஒவ்வொன்றும் தனக்குப் புரிந்த மட்டும்.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் இறங்கியது. லாரி ஓட்டுநர் தன் எஞ்சின் புத்தகத்தை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு சிரித்தார். உள்ளங்கைப் புத்தகத்துக்குச் சொந்தக்காரி, ஆலையில் மீன் வெட்டுகிற அம்மா. அதை வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியாகப் பச்சைத் துணி அட்டை மேஜையில் மிஞ்சியது. வெல்டர் எழுந்து வந்தார். நெருப்புப் பொறி தெறித்த தழும்புகள் முழங்கை வரைக்கும் இருந்த, நெடிய மனிதர். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. திறந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார், ஒரு பக்கத்தின் ஓரத்தைத் தடவினார். பிறகு மகளிடம் ஏதோ கேட்டார்.

'இதை யார் யாரெல்லாம் படிச்சாங்கன்னு அப்பா கேக்குறாரு. அப்பா சின்ன வயசுல படிச்ச கதைப் புக் அது. எங்க பாஷை தெரிஞ்ச பிள்ளைங்க இங்க இன்னும் இருக்காங்கல்ல, அவங்கள்லாம் படிப்பாங்கன்னுதான் குடுத்தாராம்.'

கண்டக்டருக்கு நாக்கின் நுனியில் பதில் தயாராக இருந்தது. நாலு பேர் படித்தார்கள் என்றால் முடிந்தது, யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்? தலைமை ஆசிரியையின் முகமும், அப்படியே சொல்லிவிடுங்களேன் என்றுதான் கெஞ்சியது. மகளும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெல்டர் பொறுமையாக நின்றார், கையில் அந்தப் புத்தகம் திறந்தபடி இருந்தது. அந்த மனிதரை ஏமாற்றக் கண்டக்டருக்கு மனம் வரவில்லை.

'யாரும் படிக்கலம்மா. நான்தான் பீரோல பூட்டி வச்சிருந்தேன்' என்றார். ஏன் என்று அவள் கேட்பதற்குள் அதையும் சொல்லிவிட்டார். 'என்னன்னே புரியாத புக்கா வந்துகிட்டே இருந்துச்சு. எனக்குப் புத்தி கெட்டுப் போச்சோன்னு பயந்துட்டேன். எங்க அண்ணனுக்கு அப்படித்தான் ஆச்சு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சேன்.'

சிறுமி அதைத் தன் அப்பாவுக்குச் சொன்னாள். சொல்லச் சொல்லவே பக்கத்தில் இருந்த பையன் தன் அம்மாவுக்குச் சொன்னான், அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி தன் வீட்டுக்காரர்களுக்குச் சொன்னாள். மனைவியிடம்கூட வாய் திறக்காத பயத்தை ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் அறை முழுக்க இத்தனை பாஷையில் ஒப்பித்துக்கொண்டிருப்பதைக் கண்டக்டர் கேட்டுக்கொண்டு நின்றார். எந்தப் பாஷையில் அது எப்படி ஒலிக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. லாரி ஓட்டுநர் சிரிப்பதை நிறுத்தினார். மீன் வெட்டுகிற அம்மா தலையை மெல்ல ஆட்டினார். மகள் எழுந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றாள்.

வெல்டர் புத்தகத்தை மூடினார். குனிந்து மகளிடம் ரொம்ப நேரம் சொன்னார். அவள் அதையெல்லாம் கேட்டுவிட்டு எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினாள்.

'இங்க வந்த புதுசுல அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சாம். கடைப் பேரு, பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, எதைப் பார்த்தாலும் ஒண்ணும் புரியாதாம். நமக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சுன்னு நினைச்சாராம். அம்மாகிட்டகூடச் சொல்லலையாம்.'

கண்டக்டர் சிறுமி பக்கம் குனிந்தார்.

'இப்ப எப்படி இருக்குதாம்னு கேளு.'

அவள் கேட்டாள். வெல்டர் யோசித்தார். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

'இப்பவும் சில நாள் அப்படித்தானாம், தாத்தா.'

கண்டக்டர் ஒரு குட்டை நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டார். பிறகு தனக்கும் ஒன்றை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.